10 மீட்டர் தொலைநோக்கிக்கு உயர் ரெசல்யூஷன் ஸ்பெக்ட்ரோகிராஃப்: அறிவியல் தேவைகளை எப்படி எண்ணாக்குவது?

#1 ஜவ்வாது

ஒரு மாதிரிக் கணக்கை வைத்துப் பேசலாம். துண்டு ஆடிகளாலான 10 மீட்டர் தொலைநோக்கி, நல்ல மலையுச்சி, இடைநிலை சீயிங் (காற்றுக் கொந்தளிப்பால் பிம்பம் பரவும் அளவு) 0.7 ஆர்க் செகண்ட். முதல் தலைமுறைக் கருவிகளில் ஒன்று, ஃபைபர் வழியாக ஒளி வாங்கும் எஷெல் ஸ்பெக்ட்ரோகிராஃப் (எஷெல் எனும் கிரேட்டிங்கால் ஒளியை நிறம் பிரிக்கும் கருவி). நான்கு குழுக்கள் கேட்பவை:

வெளிக்கோள் குழு: விநாடிக்கு 10 செ.மீ. ஆர வேகத் துல்லியம் (விண்மீன் நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகம்), ரெசல்யூஷன் (அலைநீளத்தை, பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அலைநீள வேறுபாட்டால் வகுத்தது) 1,50,000.
உலோகம் குறைந்த விண்மீன் குழு: 310 நானோமீட்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ரெசல்யூஷன் 1,00,000.
குவேசார் குழு: 20-ஆம் ஒளித்தரம் வரை, ரெசல்யூஷன் 1,00,000.
திடீர் நிகழ்வுகள் குழு: சூப்பர்நோவா, காமாக் கதிர் வெடிப்பு, 1,000 நானோமீட்டர் வரை.

நான்கையும் அப்படியே கூட்டினால் 310–1,000 நானோமீட்டர், 1,50,000, 20-ஆம் தரம், 10 செ.மீ. இதை எங்கிருந்து பிரிப்பது?

#2 கருவிக்கூடம்

கூட்டவே கூடாது. ஒவ்வொரு வரியிலும் இருப்பது கருவியின் எண். அதற்கு முந்தைய மூன்று படிகள் காணாமல் போயிருக்கின்றன. எந்தப் பொருள்கள், எத்தனை? அவற்றில் அளக்கப்போவது என்ன? எந்தப் பிழைக்குள் அளந்தால் கேள்விக்கு விடை வரும்? இவற்றுக்குப் பிறகுதான் ரெசல்யூஷன், அலைநீளம், எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) எல்லாம்.

விண்மீன் குழுவையே எடுத்துக்கொள்வோம். அவர்கள் அளக்கப்போவது மெல்லிய கோடுகளின் சமான அகலம் (கோடு விழுங்கிய மொத்த ஒளியின் அளவு). யூரோப்பியத்தின் 412.97 நானோமீட்டர் கோடு, உலோகம் மிகக் குறைந்த விண்மீனில் 3 மில்லி ஆங்ஸ்ட்ரம்தான் என்று வைப்போம். பிழைக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: கோட்டின் அகலத்தையும் பிக்சல் அகலத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.5-ஆல் பெருக்கி, பிக்சலுக்கான எஸ்என்ஆரால் வகுப்பது.

ரெசல்யூஷன் 40,000-இல் கருவியின் அகலம் 0.10 ஆங்ஸ்ட்ரம். விண்மீனின் சொந்த அகலம் விநாடிக்கு 6 கி.மீ. என்றால் அது 0.08. இரண்டும் சேர்ந்து 0.13. பிக்சல் 0.03, எஸ்என்ஆர் 100. விடை 0.94 மில்லி ஆங்ஸ்ட்ரம். 3 மில்லி ஆங்ஸ்ட்ரம் கோடு மூன்று சிக்மாவில் (பிழையைப் போல மூன்று மடங்காக) தெரியும். எஸ்என்ஆரை 50 ஆக்கினால் பிழை 1.9, கோடு போச்சு. ஆகவே 100 என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது.

இப்போது அதே ஃபோட்டான்களை வைத்து ரெசல்யூஷனை 80,000 ஆக்குங்கள். பிக்சல் பாதியாகிறது, பிக்சலுக்கான எஸ்என்ஆர் 70 ஆகிறது, பிழை 0.80. கிடைத்த லாபம் 0.14 மில்லி ஆங்ஸ்ட்ரம்தான். விண்மீனே கோட்டை அகலப்படுத்தி வைத்திருக்கும்போது கருவி என்ன செய்தாலும் அதற்கு மேல் ஒடுங்காது. இந்தக் குழுவுக்கு 40,000–50,000 போதும். ஒரு லட்சம் என்று எழுதியிருப்பது வேறு ஏதோ கருவியின் விவரக் குறிப்பைப் பார்த்து எழுதியது.

எல்லாக் குழுக்களிடமும் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இந்த எண்ணைப் பாதியாக்கினால் உங்கள் ஆய்வில் என்ன உடையும்? பதில் இல்லை என்றால் அது தேவை இல்லை, விருப்பம்.

#3 பிக்சல்பித்தன்

குவேசார் குழுவின் 20-ஆம் தரத்துக்கு ஃபோட்டான் கணக்குப் போட்டுவிடுகிறேன். பூஜ்ய ஒளித்தர விண்மீன், வி பட்டையில், சதுர செ.மீ.க்கு, ஆங்ஸ்ட்ரமுக்கு, விநாடிக்கு ஏறத்தாழ 1,000 ஃபோட்டான். 20-ஆம் தரம் அதில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஒளி சேர்க்கும் பரப்பு 75 சதுர மீட்டர் என்றால் விநாடிக்கு, ஆங்ஸ்ட்ரமுக்கு 7.5 ஃபோட்டான். வளிமண்டலத்திலிருந்து சிசிடி (ஒளியைப் பதியும் சிப்) வரை மொத்தத் திறன் 10 சதவீதம் என்றால் 0.75 எலக்ட்ரான்.

ஒரு லட்சம் ரெசல்யூஷனில் ஒரு ரெசல்யூஷன் கூறு 0.055 ஆங்ஸ்ட்ரம். ஒரு மணி நேரத்துக்கு 148 எலக்ட்ரான். வர்க்கமூலம் எடுத்து எஸ்என்ஆர் 12 என்று பலர் எழுதிவிடுவார்கள். அங்கேதான் தப்பு. அந்த 148 எலக்ட்ரானும் ஒரே பிக்சலில் விழுவதில்லை. ஸ்லைசர் (பிம்பத்தை ஒடுங்கிய துண்டுகளாக வெட்டி அடுக்கும் ஒளியியல்) இரண்டு துண்டு போட்டதாக வைத்தால் அலைநீளத் திசையில் 4, உயரத்தில் 20, மொத்தம் 80 பிக்சல். ரீட் நாய்ஸ் (சிப்பைப் படிக்கும்போது சேரும் இரைச்சல்) பிக்சலுக்கு 3 எலக்ட்ரான் என்றால் 80 × 9 = 720. டார்க் (ஒளி இல்லாமலே சேரும் எலக்ட்ரான்) பிக்சலுக்கு மணிக்கு 2 எலக்ட்ரான், அது 160. ஆக 148-ஐ 1,028-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 4.6. வானத்தின் ஒளியை இன்னும் சேர்க்கவே இல்லை.

காஸ்மிக் கதிருக்குப் பயந்து ஒரு மணி நேரத்தை இரண்டு அரை மணியாகப் பிரித்தால் ரீட் நாய்ஸ் இரண்டு முறை வருகிறது. 3.5-க்கு இறங்கிவிடும்.

18-ஆம் தரத்துக்கு 934 எலக்ட்ரான். ஒரே எக்ஸ்போஷரில் எஸ்என்ஆர் 22. இந்தத் தொலைநோக்கியில் இந்த ரெசல்யூஷனுக்கு நியாயமான எல்லை அங்கேதான். 20 வேண்டும் என்பவர்கள் ரெசல்யூஷனை இறக்கட்டும், அல்லது இரவுக் கணக்கில் நேரம் கேட்கட்டும்.

#4 ஒளிநார்

ரெசல்யூஷனுக்கு விலை போடாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். லிட்ரோ அமைப்பில் (ஒளி வந்த திசையிலேயே திரும்பும் அமைப்பு) எஷெல்லுக்கு ஒரே ஒரு உறவுதான்: ரெசல்யூஷன் × ஸ்லிட் அகலம் (ரேடியனில்) × தொலைநோக்கி விட்டம் = 2 × கற்றை விட்டம் × பிளேஸ் கோணத்தின் (கிரேட்டிங் பள்ளங்களின் சாய்வு) டேன்ஜன்ட்.

ஆர்4 கிரேட்டிங் (அந்த டேன்ஜன்ட் 4), 10 மீட்டர், 0.7 ஆர்க் செகண்ட், ரெசல்யூஷன் 1,00,000 போட்டால் கற்றை 42 செ.மீ. அந்தக் கற்றை சாய்வாக விழும் கிரேட்டிங்கின் நீளம் 1.75 மீட்டர். 1,50,000 கேட்டால் 2.6 மீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க: சிலியில் உள்ள 8.2 மீட்டர் விஎல்டி தொலைநோக்கியின் எஸ்பிரெசோ ஸ்பெக்ட்ரோகிராஃபில் இருப்பது 1.2 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம் கொண்ட ஆர்4 எஷெல். அதுவும் துண்டுகளை ஒட்டிச் சேர்த்தது. கூடவே அனமார்ஃபிக் ஒளியியலும் (கற்றையை ஒரு திசையில் மட்டும் ஒடுக்குவது) பியூப்பில் ஸ்லைசரும் (கற்றையைப் பிளப்பது) வைத்துத்தான் அந்த அளவுக்குள் அடக்கினார்கள். அதே சூத்திரத்தில் சிலியில் கட்டப்படும் 39 மீட்டர் இ.எல்.டி. தொலைநோக்கியைப் போட்டால் கற்றை 1.65 மீட்டருக்குப் போகும். அங்கே ஒளியைத் துண்டாக்காமல் வழியே கிடையாது.

துண்டாக்குவது பழைய உத்திதான். லடாக்கின் ஹான்லேயில் 2 மீட்டர் தொலைநோக்கியில் இருக்கும் ஹெஸ்ப் ஸ்பெக்ட்ரோகிராஃப், ஸ்லைசர் இல்லாமல் 30,000, ஸ்லைசரோடு 60,000. ஆனால் ஓசியில் கிடைக்காது: துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது ஸ்லிட் உயரமாகும், ஆர்டர்களுக்கு (எஷெல் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தரும் நிறமாலைப் பட்டைகள்) நடுவே இடைவெளி அதிகம் வேண்டும், டிடெக்டர் பெரிதாகும். பிக்சல்பித்தன் போட்ட 80 பிக்சல், மூன்று துண்டானால் 170 ஆகும்.

#5 பிக்சல்பித்தன்

170-க்கும் போட்டுப் பார்த்தேன். 20-ஆம் தரத்துக்கு 4.6 என்பது 3.3 ஆகிறது. உயரத் திசையில் நான்கு நான்காகச் சிப்பிலேயே பின்னிங் (பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துப் படிப்பது) செய்தால் ரீட் நாய்ஸ் பங்கு 1,530-இலிருந்து 390-க்கு வருகிறது, எஸ்என்ஆர் 5. அதனால் 1×4 பின்னிங் கட்டாயத் தேவையாகப் போக வேண்டும். அதற்கு இன்னொரு நிபந்தனை ஒட்டிக்கொள்கிறது: ஸ்லிட்டின் பிம்பம் டிடெக்டரில் நெட்டாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் பின்னிங் செய்யும்போது ரெசல்யூஷன் கெடும். அந்தச் சாய்வுக்கு ஒரு எண் எழுதாவிட்டால் கேமரா வடிவமைப்பவருக்கு அது தெரியவே வராது.

#6 நள்ளிரவு_வானம்

10 செ.மீ. வேகத் துல்லியத்தை இந்தக் கருவியில் ஏற்றவே கூடாது என்பது என் கட்சி. பூமி சூரியனை ஆட்டுவது விநாடிக்கு 9 செ.மீ., வியாழன் 12.5 மீட்டர். 2003-இல் சிலியின் லா சில்லாவில் 3.6 மீட்டர் தொலைநோக்கியில் வந்த ஹார்ப்ஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப் விநாடிக்கு 1 மீட்டர் துல்லியத்துக்குக் கட்டப்பட்டது. அதன் டிடெக்டரில் 1 மீட்டர் என்பது ஒரு பிக்சலில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 15 நானோமீட்டர். வெப்பநிலை 0.01 கெல்வின் மாறினாலும், காற்றழுத்தம் 0.01 மில்லிபார் மாறினாலும் அவ்வளவு நகர்ந்துவிடும். வெற்றிடக் கலன் வைத்தது அதனால்தான். 10 செ.மீ. என்றால் இன்னும் பத்தில் ஒரு பங்கு.

பெட்டியோடு முடிந்தால் பரவாயில்லை. மூன்று விஷயங்கள் கருவிக்கு வெளியே கிடக்கின்றன.

ஒன்று, கைடிங் (விண்மீனை ஃபைபரின் நடுவிலேயே நிறுத்தி வைப்பது). 0.86 ஆர்க் செகண்ட் ஃபைபரின் அகலம் நிறமாலையில் விநாடிக்கு மூவாயிரம் மீட்டர் வேகத்துக்குச் சமம் என்றால், விண்மீன் 0.05 ஆர்க் செகண்ட் நகர்ந்தால் 174 மீட்டர். ஃபைபரின் கலக்கும் திறன் 1,000 என்றாலும் 17 செ.மீ. மிச்சம். எண்கோண ஃபைபர், ஒளியைக் கலக்கும் இரட்டை ஸ்க்ராம்பிளர், 0.03-க்குள் கைடிங் மூன்றும் சேர்ந்து வந்தால்தான் ஆகும்.

இரண்டு, நேரம். பூமி சுழல்வதால் தொலைநோக்கியின் வேகம் பூமத்திய ரேகைப் பக்கம் ஒவ்வொரு விநாடியும் 3 செ.மீ./விநாடி வரை மாறிக்கொண்டே இருக்கும். எக்ஸ்போஷரின் நடுநேரத்தை ஷட்டர் திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் வைத்துக் கணக்கிட்டால், மேகம் ஒன்று குறுக்கே போனாலே போதும், 10 செ.மீ. கரைந்துவிடும். ஒளியின் எடையிட்ட நடுநேரம் வேண்டும். அதற்கு எக்ஸ்போஷர் மீட்டர் வேண்டும், அதுவும் நிறம் பிரித்து.

மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. சூரியனைப் போன்ற விண்மீன்கள் ஐந்து நிமிடத் தாளத்தில் துடிக்கும். அதைச் சமனாக்க 15 நிமிடமாவது பார்க்க வேண்டும். 10 மீட்டர் தொலைநோக்கியில் 5-ஆம் தர விண்மீன் ஒன்றேகால் நிமிடத்தில் பிக்சலை நிரப்பிவிடும். ஆக 12 எக்ஸ்போஷர். ஒவ்வொன்றுக்கும் இடையே 40 விநாடி ரீட்அவுட் என்றால் 15 நிமிட ஒளிக்கு 22 நிமிடம் போகிறது. பிரகாசமான விண்மீனுக்கு 10 மீட்டர் கண்ணாடி தண்டம். இந்த வேலையை 4 மீட்டரில் வருடம் முழுக்கச் செய்யலாம்.

#7 கருவிக்கூடம்

முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். எம் வகைக் குறுவிண்மீன்களும், கெப்ளர், டெஸ் விண்கலங்கள் கண்டுபிடித்த 12–14-ஆம் தரப் பொருள்களும் 4 மீட்டர் தொலைநோக்கிக்குக் கடினம். அங்கே ஃபோட்டான்தான் பிழையின் பெரும்பங்கு. விநாடிக்கு 1 மீட்டர் துல்லியம் போதும். 10 செ.மீ.யை வெட்டிவிட்டு, "12-ஆம் தர கே வகை விண்மீனுக்கு, ஒரு மணி நேரத்தில், கருவியின் பங்கு 50 செ.மீ.க்கு மேற்படக் கூடாது" என்று எழுதினால் வெளிக்கோள் குழுவும் உள்ளே இருக்கும், பட்ஜெட்டும் தாங்கும். வெற்றிடக் கலன் இருக்கட்டும். பின்னால் லேசர் சீப்பு (சம இடைவெளியில் அளவுக் கோடுகள் தரும் ஒளிமூலம்) வாங்கிச் சேர்க்க ஒரு ஃபைபர் நுழைவாயிலை மட்டும் காலியாக விட்டு வைக்க வேண்டும்.

#8 ஜவ்வாது

சரி, வேகம் ஓரளவு அடங்கியது. ரெசல்யூஷன் ஒரு லட்சமா? 310 நானோமீட்டரை என்ன செய்வது?

#9 கருவிக்கூடம்

குவேசார் குழுவில் குளிர்ந்த வாயுவின் கோடுகளைப் பிரிப்பவர்களுக்கு ஒரு லட்சம் வேண்டும், வெளிக்கோள் குழுவுக்கும் அதுவே போதும். விண்மீன் குழுவுக்கு 50,000, ஸ்லைசர் இல்லாத இரண்டாவது ஃபைபராகக் கொடுத்துவிடலாம்.

310-ஐக் கேட்பது பெரிலியத்துக்காக. அதன் கோடுகள் 313 நானோமீட்டரில். அதை இதே கருவியில் கொண்டுவந்தால் மூன்று இடத்தில் அடி விழும். ஃபைபர்: நீலத்துக்குக் கீழே போகப்போக இழப்பு ஏறும்; பத்துப் பதினைந்து மீட்டர் ஓடினாலே அது தெரியும். கண்ணாடிப் பூச்சு: வெள்ளி பூசினால் சிவப்பில் அருமை, 400-க்குக் கீழே சரியும், அலுமினியம் பூசினால் நீலம் பிழைக்கும், ஆனால் மூன்று ஆடியில் 27 சதவீதம் போகும். இதை ஒரு கருவிக்காரர் முடிவு செய்ய முடியாது, தொலைநோக்கியின் தேவை ஆவணத்தில் ஏறியாக வேண்டும். மூன்றாவது, 310-இலிருந்து 900 வரை ஒரே கிராஸ் டிஸ்பர்சரில் (ஆர்டர்களைப் பிரித்து அடுக்கும் ஒளியியல்) போனால் ஒரு முனையில் ஆர்டர்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும்.

பெரிலியத்துக்கு 20,000 ரெசல்யூஷனில், ஃபைபர் இல்லாத, காசெக்ரெய்ன் குவியத்தில் (முதன்மை ஆடிக்குப் பின்னால்) நேரே தொங்கும் சின்னக் கருவி சரியான வழி. விஎல்டிக்குக் கட்டும் கியூப்ஸ் அந்த வகைதான். இங்கே 380-இல் நிறுத்தலாம். கால்சியம் எச், கே கோடுகள் 397, 393-இல் உள்ளே வந்துவிடும். விண்மீனின் செயல்பாட்டைக் கண்காணிக்க வெளிக்கோள் குழுவுக்கு அவை கட்டாயம். சிவப்பில் 900: கால்சியம் மும்மைக் கோடு 866-இல் முடிகிறது. அதற்கு மேலே நீராவிக் கோடுகளும் சிசிடி ஃப்ரிஞ்சிங்கும் (சிப்புக்குள் ஒளி குறுக்கிட்டு வரும் வரிகள்) சேர்ந்து, கிடைப்பதில் பாதியைத் தின்றுவிடும்.

திடீர் நிகழ்வுகளுக்கு இது கருவியே அல்ல. அவர்களுக்குக் குறைந்த ரெசல்யூஷன் கருவி. ஆனால் அவர்களிடமிருந்து ஒரு தேவை மிஞ்சுகிறது: எந்தக் கருவியிலிருந்தும் இன்னொன்றுக்கு 10 நிமிடத்துக்குள் மாற வேண்டும். அது மூன்றாவது ஆடியைத் திருப்பும் பொறியமைப்பின் தலையில்.

#10 குளிர்கலன்

எல்லாரும் 10 சதவீதத் திறன் என்று எழுதுகிறீர்கள், அதைப் பிரித்துப் பார்த்தவர் இல்லை. வளிமண்டலம் 0.85, மூன்று ஆடி 0.73, ஃபைபருக்குள் நுழைவது 0.65, ஃபைபரும் ஸ்லைசரும் 0.75, காலிமேட்டரும் மடிப்பு ஆடிகளும் 0.85, எஷெல் 0.60, கிராஸ் டிஸ்பர்சர் 0.80, கேமரா 0.85, சிசிடி 0.90. பெருக்கினால் 9.4 சதவீதம். இது பிளேஸ் உச்சியில் (ஆர்டரின் நடுவில், ஒளி அதிகம் வரும் இடம்). ஆர்டரின் ஓரத்தில் பாதிதான். தேவையை உச்சிக்கு எழுதுகிறோமா ஓரத்துக்கா என்பது ஆவணத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்புச் சோதனையன்று சண்டைதான்.

#11 ஒளிநார்

அந்த 0.65 எங்கிருந்து வந்தது? சீயிங் 0.7, ஃபைபரும் 0.7 என்றால் காசியன் வடிவத்துக்குச் சரிபாதிதான் நுழையும், 0.50. 0.65 வேண்டுமானால் ஃபைபர் 0.86 ஆர்க் செகண்ட். அப்படியென்றால் என் 42 செ.மீ. கற்றை 52 ஆகும்! மூன்று துண்டு போட்டால் 17 செ.மீ., கிரேட்டிங் 72 செ.மீ.; இது கட்டக்கூடியது. நள்ளிரவு_வானம் 0.86 என்று எடுத்தது சரி, நான் 0.7 என்று எடுத்தது ஃபைபர் இல்லாத கணக்கு. ஒரே ஆவணத்தில் இரண்டும் இருந்தால் திட்டம் முழுக்க இரண்டு வேறு கருவிகளை வடிவமைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. சீயிங் காற்றுத்தடிமனோடு (ஒளி கடக்கும் காற்றின் அளவு, நேர் மேலே 1) 0.6 அடுக்கில் ஏறும். காற்றுத்தடிமன் 1.5-இல் 0.7 என்பது 0.89. அங்கே 0.86 ஃபைபருக்குள் 48 சதவீதம்தான் போகும். மேலும் அங்கே 400-க்கும் 700-க்கும் நடுவே வளிமண்டலமே பிம்பத்தை ஒரு ஆர்க் செகண்டுக்கு மேல் நீட்டிவிடும். ஏடிசி (இந்த நீட்சியைத் திருத்தும் ஒளியியல்) இல்லாவிட்டால் பச்சையில் கைட் செய்யும்போது நீலம் ஃபைபருக்கு வெளியே விழும்.

#12 ஜவ்வாது

அப்படியென்றால் ஒரு தேவையை எப்படி எழுத வேண்டும்? ஒரு வரி மாதிரி கொடுங்கள்.

#13 கருவிக்கூடம்

எழுதக் கூடாதது: "கருவியின் திறன் மிக உயர்வாக இருக்க வேண்டும்."

எழுத வேண்டியது: "ரெசல்யூஷன் 1,00,000 முறையில், 550 நானோமீட்டரில், பிளேஸ் உச்சியில், காற்றுத்தடிமன் 1.2-க்குள், டெலிவரி ஆகும் பிம்பம் 0.7 ஆர்க் செகண்ட் இருக்கும்போது, தொலைநோக்கியும் வளிமண்டலமும் உட்பட மொத்தத் திறன் 8 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இலக்கு 10. தோற்றுவாய்: குவேசார் ஆய்வு, 18-ஆம் தரம், ஒரு மணி நேரம். சோதனை: தரநிலை விண்மீன், மூன்று இரவு."

பட்ஜெட்டில் 9.4 இருக்கும்போது தேவை 8. நடுவில் இருக்கும் 15 சதவீதம் முதன்மை விஞ்ஞானியின் கையில் இருக்க வேண்டும், உபகரணம் செய்பவர் கையில் அல்ல. எஷெல் 0.60-க்குப் பதில் 0.55-இல் வந்து சேர்ந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

"தோற்றுவாய்" பகுதியை மட்டும் எவரும் நீக்க விடாதீர்கள். நான்கு வருடம் கழித்துப் பணம் குறையும்போது எதை வெட்டினால் எந்த ஆய்வு போகும் என்று அது ஒன்றுதான் சொல்லும்.

#14 பிக்சல்பித்தன்

அலைநீள அளவீட்டை விட்டுவிட்டோம். நுண்கட்டமைப்பு மாறிலி (மின்காந்த விசையின் வலுவைக் குறிக்கும் எண்) மாறுகிறதா என்று பார்ப்பவர்களுக்கு நிலைத்தன்மை போதாது, ஒரு நிறத்துக்கும் இன்னொரு நிறத்துக்கும் இடையே சரியான தன்மை வேண்டும். விஎல்டியின் யூவெஸ், கெக் தொலைநோக்கியின் ஹைரெஸ் போன்ற ஸ்லிட் கருவிகளில் தோரியம்-ஆர்கான் விளக்கை வைத்துச் செய்த அளவீட்டில் விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் அளவில் நெடுந்தொலைவுத் திரிபு (அலைநீளத்தோடு மெல்ல மாறும் பிழை) இருந்தது பிறகுதான் தெரிந்தது. விளக்கின் ஒளியும் விண்மீனின் ஒளியும் ஸ்லிட்டை வேறுவேறு விதமாக நிரப்பினால் இப்படி வரும். ஃபைபர் அதில் பெரும்பகுதியைத் தீர்க்கும், முழுக்க அல்ல.

#15 குளிர்கலன்

விளக்கு என்றதும் ஒரு நடைமுறைச் சங்கதி. இப்போது கடையில் வரும் தோரியம்-ஆர்கான் விளக்குகள் பலவற்றில் கேத்தோடு உலோகத் தோரியம் அல்ல, தோரியம் ஆக்ஸைடு. எரிய வைத்தால் அணுக்கோடுகளுக்கு நடுவே தோரியம் ஆக்ஸைடின் மூலக்கூறுப் பட்டைகள் அடர்த்தியாக வரும், அளவீடு நாசம். கொள்முதல் குறிப்பில் "உலோகத் தோரியம் கேத்தோடு" என்று எழுதுங்கள். வந்ததும் ஒவ்வொன்றையும் கருவியில் ஏற்றுவதற்கு முன்னால் தனியாக நிறமாலை எடுத்துப் பாருங்கள். நல்லதாக வந்தவற்றில் ஒன்றை மாஸ்டர் விளக்காகப் பூட்டி வைத்து எப்போதாவது மட்டும் எரியுங்கள். தினசரி வேலைக்கு ஃபேப்ரி-பெரோ (எதிரெதிர் ஆடிகளால் சம இடைவெளிக் கோடுகள் தரும் கருவி). அதற்கும் வெற்றிடமும் வெப்பக் கட்டுப்பாடும் வேண்டும் என்பதால், அளவீட்டு அறைக்கு இடமும் மின்சாரமும் இப்போதே கட்டட வரைபடத்தில் ஏறட்டும்.